நடுத்தூர்

கண்டக்டர் வையாபுரி போய்ச் சேர்ந்து, அவருக்குச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்து முடித்து, மகள் சுகந்தியும் திருப்பூருக்குப் பஸ் ஏறிப் போய், வீட்டுக்குள் மனைவி நாகரத்தினமும் சுவர்க் கடிகாரமும் மட்டும் மிஞ்சியிருந்த ஐப்பசி மாதத்தில், மேட்டுக் காலனிக்குக் கேஸ் போடுகிற துரைராஜ் சிலிண்டரைத் தோளில் சுமந்துகொண்டு அந்த வீட்டுப் படிகளில் ஏறியபோது, வாசலோரம் ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்து வெள்ளை வெள்ளையாய்க் குஞ்சம் தள்ளியிருந்த புல்லுக்குள்ளிருந்து, "என்ன தம்பி, சிலிண்டர நீ தூக்கிட்டு வர்றியா, உன்னைய சிலிண்டர் தூக்கிட்டு வருதா?" என்று ஒரு குரல் கேட்டது. துரைராஜ் சிரித்தான். "மாத்தி மாத்தித்தானுங்க கண்டக்டரே" என்றான். புல்லும் சிரித்தது. சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக் கேட்டைத் திறக்கும்போதுதான், அந்தக் கண்டக்டரின் பாடைக்குத் தானும் ஒரு பக்கம் தோள் கொடுத்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. இருந்தாலும் மழை இறங்குவதற்குள் இன்னும் பல வீடுகளுக்குப் போக வேண்டியிருந்ததால் அவன் அதைப் பற்றி ரொம்ப யோசிக்கவில்லை. போகிற வீடுகளிலெல்லாம் சிலிண்டரோடு சேர்த்து, "கண்டக்டர் வீட்டுப் புல்லு பேசுதுங்க" என்ற சேதியையும் இறக்கி வைத்துவிட்டுப் போனான்.

சமையலறையில் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்த நாகரத்தினத்தின் காதிலும் அந்தச் சிரிப்பு விழுந்தது. புளிக் கையோடு வாசலுக்கு ஓடி வந்தாள். அவள் கால் வாசற்படியில் பட்டதும் புல் வாயை மூடிக்கொண்டது. காற்று இல்லை, ஒரு குஞ்சம்கூட அசையவில்லை. அந்த அமைதியில் அவளுக்கு இருந்த கொஞ்சநஞ்ச சந்தேகமும் தீர்ந்துபோயிற்று. சிரிப்பை வைத்து ஆளை மாற்றிச் சொன்னாலும் சொல்லலாம், அந்த அமைதி அவள் புருஷனுடையதேதான்.

வையாபுரி கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகிற அரசு பஸ்ஸில் ஆயுசுக்கும் கண்டக்டராக இருந்தவர். அவர் இருக்கிற வண்டிக்காகவே முந்தின வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தவர்கள் உண்டு. "உள்ள போங்க, உள்ள போங்க, நடுவுல எடம் கல்யாண மண்டபமாட்டக் கெடக்குது" என்று அவர் சொன்னால் நெருக்கியடித்து நிற்கிறவர்களுக்கும் இடம் இருப்பது போலத் தோன்றும். வளைவுகளில் வாந்தி வருகிற குழந்தைக்கு எலுமிச்சம்பழம் வைத்திருப்பார், பரீட்சைக்குப் போகிற பெண்ணை ராணி என்பார், ஆஸ்பத்திரிக்குப் போகிற கிழவரிடம் திரும்பி வரும்போது எந்த சீட்டு வேண்டும் என்று இப்போதே கேட்டு வைப்பார். வீட்டுக்கு வந்தால் பையை ஆணியில் மாட்டுவார், "தண்ணி" என்பார், "சாப்பாடு" என்பார், "லைட்ட அமத்து" என்பார், அவ்வளவுதான். ஊர் நாகரத்தினத்தைப் பார்த்து, "உங்களுக்கென்னங்க, சிரிச்சு சிரிச்சே வயிறு புண்ணாயிருக்கும்" என்றபோதெல்லாம் அவளும் ஆமாம் என்று தலையை ஆட்டினாள், ஏனென்றால் வேறு என்ன சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. புருஷனின் சிரிப்பை அவள் எப்போதும் சுவருக்கு அந்தப் பக்கமிருந்துதான் கேட்டிருக்கிறாள்: கல்யாண வீடுகளில் ஆம்பிளைகள் பந்தியிலிருந்து, தெருமுனையிலிருந்து, பேக்கரி பெஞ்சிலிருந்து. அவள் வந்து நின்றால் அது நின்றுவிடும். எந்த பங்களாத் தோட்டத்திலோ பிடுங்கிப் போட்டிருந்த அந்தப் புல்லின் ஒரு பிடியை அவர் ஒரு நாள் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வாசலில் நட்டபோதும், இது என்ன, எதுக்கு என்று அவள் கேட்டதற்குப் பதில் வரவில்லை.

சேதி பரவியதும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பயந்துகொண்டு யாரும் வரவில்லை. பஸ்ஸில் ஏறுகிறவர்கள் மாதிரி வந்தார்கள். புல் அவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது, பிள்ளைகளின் படிப்பைக் கேட்டது, முழங்கால் வலிக்கு என்ன தைலம் போட்டார்கள் என்று விசாரித்தது, கிண்டல் செய்தது, பழைய பாட்டு ஒன்றை முக்கால்வாசி பாடிவிட்டு மீதி மறந்துபோய்த் தானே சிரித்தது. வாசலில் நாற்காலி போதாமல் மேல்தெரு ஸ்டெல்லா டீச்சர் தன் வீட்டு பெஞ்சைக் கொண்டுவந்து போட்டாள். கல்யாணம் செய்துகொள்ளாமலே வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் அவள். நாகரத்தினம் எல்லோருக்கும் டீ போட்டாள். டீயைக் கொண்டுவந்து வைக்கும்போது புல் பேச்சை நிறுத்திவிடுவதைப் பார்த்துவிட்டு, டம்ளர் தட்டை ஜன்னல் வழியாக வாங்கிக்கொள்ள ஆரம்பித்தார்கள். "நீங்க சிரமப்படாதீங்கக்கா, உள்ளயே இருங்க" என்றாள் ஸ்டெல்லா டீச்சர். நாகரத்தினம் உள்ளேயே இருந்தாள். பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தால் மட்டும் வாசலில் சிரிப்புச் சத்தம் தடையில்லாமல் நடந்தது.

கேட்க ஆள் சேரச் சேரப் புல் தடித்தது. தையில் பாதி வாசலை அடைத்தது, மாசியில் படிக்கட்டை மூடியது, ரம்பம் மாதிரி விளிம்புள்ள அதன் இலைகள் போகிற வருகிறவர்களின் கைகளையெல்லாம் கோடு கோடாகக் கீறின. வெட்டிவிடலாம் என்று பேக்கரி ஹனீபா பாய்தான் முதலில் சொன்னார். "வெட்டி எறியறதில்ல தங்கச்சி, பிரிச்சு வைக்கறது. இந்த ஜாதிப் புல்ல இந்த மாசத்துல பிரிச்சு வச்சாத்தான் நல்லது, இல்லாட்டி அது தன்னாலயே உள்ளுக்குள்ள அழுகிப்போகும். வீட்டுக்கு ஒரு தூர் கொண்டுபோனா எல்லாருக்கும் ஆச்சு, உங்களுக்கும் வாசல்ல கூட்டம் குறையும்" என்றார். ஆனால் அரிவாளை எடுத்துக்கொண்டு அவர் கிட்டே போனதும் புல், "என்ன பாய், கழுத்துக்கே வர்றீங்க, பன்னுக்குக் காசு குடுத்துட்டேனே" என்றது. பாய் அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அழுதார். துரைராஜும் போய்ப் பார்த்தான், அவனாலும் முடியவில்லை. கடைசியில் எல்லோரும் ஜன்னலைப் பார்த்தார்கள்.

நாகரத்தினம் வந்தாள். புல் அடங்கியது. அவள் பழைய சேலை ஒன்றை எடுத்து அதன் இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டி, முழங்கால் உயரத்தில் அரிவாளால் அறுத்து, மேல்பாகத்தை ஒரு பெரிய கட்டாகச் சாய்த்தாள். பிறகு சுற்றிலும் மண்ணைத் தோண்டி, கடப்பாரையை அடியில் கொடுத்து நெம்பி, வேரோடு மல்லாத்தி, கோடாலியால் பிளந்தாள். ஓரமெல்லாம் பச்சையாக, புதுக்குருத்தும் வெள்ளை வேருமாக இருந்தது. நடுவில் மட்டும் ஒரு கூடை அளவுக்குப் பட்டுப்போய், சாம்பல் நிறத்தில், தொட்டால் உதிர்கிற கட்டையாகக் கிடந்தது. ஓரத்துத் தூர்களை ஆளுக்கு ஒன்றாக ஈரச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டார்கள். ஸ்டெல்லா டீச்சர் ஒன்று, பேக்கரிக்கு ஒன்று, துரைராஜுக்கு ஒன்று, கோயில் வாசலுக்கு ஒன்று. சர்ச்சுப் பாதிரியார் இதைப் பற்றிப் பிரசங்கம் எதுவும் செய்யவில்லை, ஆனால் தன் பங்குக்கு ஆள் அனுப்பியிருந்தார். எல்லோரும் போன பிறகு குழியோரம் நடுக்கட்டை மட்டும் கிடந்தது. அதை யாரும் கேட்கவில்லை. நாகரத்தினம் அதைப் பழைய குழியிலேயே உருட்டிவிட்டு மண்ணைத் தள்ளி மிதித்தாள். அவள் கைகளில் முழங்கை வரைக்கும் ரத்தக் கீறல்கள் இருந்ததை, மஞ்சள் பூசிக்கொள்ளும்போது அவளேதான் பார்த்தாள்.

சித்திரை மழையில் தூர்களெல்லாம் துளிர்விட்டன. வைகாசிக்குள் மேட்டுக் காலனியின் மேல்தெருவில் எந்த வாசலுக்குப் போனாலும் வையாபுரி இருந்தார். காலனி அவரை வைத்துப் பிழைக்கப் பழகிக்கொண்டது. பேக்கரியில் பெஞ்சு பிடிக்க வரிசை நின்றது. மாமியாரோடு சண்டை போட்ட மருமகள் புல்லிடம் போய்ச் சொல்லிவிட்டு முகம் தெளிந்து திரும்பினாள். பெண் பார்க்க வந்தவர்களை முதலில் புல்லருகில் உட்கார வைத்தார்கள், அது ரெண்டு கிண்டல் செய்தால் கூச்சம் விட்டுப் பேச்சு நடக்கும் என்று. தீபாவளிக்கு அதற்குப் புதுத் துண்டு போர்த்தினார்கள், கிறிஸ்துமஸுக்கு நட்சத்திர விளக்குத் தொங்கவிட்டார்கள். கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவர் வெளியூர்க்காரர். அவர்கூட இரண்டு மாதம் கழித்து, "உங்க காலனிக்கு வந்தா மனசு லேசாயிருதுங்க" என்றார்.

ஒரே ஒரு தொந்தரவுதான் இருந்தது. ரேஷன் கடைக்கோ கோயிலுக்கோ நாகரத்தினம் மேல்தெரு வழியாகப் போனால், அவள் தாண்டுகிற வாசல்களில் எல்லாம் பேச்சு அறுந்தது; அறுந்தால் வெகுநேரத்துக்கு மறுபடி ஒட்டவில்லை. மனு கொடுத்தோ மிரட்டியோ அல்ல, ஒரு பிளம் கேக்கை எடுத்துக்கொண்டுதான் ஸ்டெல்லா டீச்சர் அதைச் சொல்ல வந்தாள்.

"அக்கா, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க டீச்சர்."

"கீழ்த்தெரு வழியாப் போனா உங்களுக்கும் மேடு ஏறற சிரமம் இல்ல. அந்தப் பக்கம் யாரும் இன்னும் நடல."

நாகரத்தினம் கேக்கை வாங்கி மேசையில் வைத்தாள். "என்னைக் கண்டா ஏன் டீச்சர் அவரு பேசறதில்ல?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. உங்களப் பத்திப் பேசாத நாளே கெடையாது. உங்களப் பத்திச் சொல்லும்போது அந்தக் குரல் எப்படி மாறும் தெரியுமா? நாங்கல்லாம் பொறாமைப்படுவோம்."

நாகரத்தினம் ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொல்றாரு?" என்று கேட்டாள்.

ஸ்டெல்லா டீச்சர் வாயைத் திறந்தாள். யோசித்தாள். "உங்க சமையலப் பத்தி... இல்ல, தலைமுடியப் பத்தின்னு நெனைக்கறேன். கல்யாணமான புதுசுல ஏதோ ஒரு நாள், மழை, நீங்க எங்கயோ நின்னுட்டு இருந்தீங்களாம்..."

"எங்க?"

"சரியா ஞாபகம் இல்லக்கா. ஆனா ரொம்ப அழகாச் சொன்னாரு." டீச்சர் சிரித்தாள். "நான் அன்னைக்கு என் அம்மாவ நெனச்சுட்டு இருந்தேன்."

அன்றிலிருந்து நாகரத்தினம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஹனீபா பாயை வழியில் நிறுத்திக் கேட்டாள், துரைராஜ் சிலிண்டர் போட வந்தபோது கேட்டாள். எல்லோரும் ஆமாம், உங்களைப் பற்றித்தான் பேசுகிறார் என்று சத்தியம் செய்தார்கள், ஒருவருக்கும் ஒரு வார்த்தையும் ஞாபகம் இல்லை. பாய்க்கு ஞாபகம் இருந்ததெல்லாம் பாயைப் பற்றிச் சொன்னது, துரைராஜுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் துரைராஜைப் பற்றிச் சொன்னது. ஒரு நாள் அவள் பொறுக்க முடியாமல் முக்காட்டைப் போட்டுக்கொண்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, பேக்கரியின் பின்பக்கத்துச் சந்தில் அடுப்புச் சூட்டோடு சுவரை ஒட்டி நின்றாள். அந்தப் பக்கம் கலகலப்பாகப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. "எங்க வீட்ல இருக்காளே, அவ ஒரு நாளு..." என்று தொடங்கிய குரல், சுவருக்கு இப்புறம் அவள் மூச்சை உள்ளே இழுத்ததும் நின்றுவிட்டது. பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யாரோ ஒருவர், "அந்தம்மா வந்திருக்குதாட்டம் இருக்குது" என்றார். ஹனீபா பாய் சந்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். ஒரு பொட்டலம் வர்க்கி பிஸ்கட்டைக் கட்டிக் கையில் கொடுத்து அனுப்பினார். அதை வாங்கிக்கொண்டு நடந்ததுதான் அவளுக்கு மற்ற எல்லாவற்றையும்விட அவமானமாக இருந்தது. அதற்குப் பிறகு கீழ்த்தெருவிலேயே போனாள்.

ஆனால் மாசி பிறந்தால் காலனிக்கு அவள் வேண்டும். தடித்து வாசலை அடைத்து நிற்கிற புல்லை வேறு யாராலும் தொட முடியாது. அது கெஞ்சாது, அழாது, கிண்டல்தான் செய்யும், அந்தக் கிண்டலின் கழுத்தில் அரிவாளை வைக்க ஒருவருக்கும் கை வராது. அதனால் வீட்டுக்கு வீடு ஆள் அனுப்பி அவளைக் கூப்பிட்டார்கள். அவள் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அரிவாளும் கடப்பாரையுமாகப் போவாள். அவள் உள்ளே வந்ததும் அந்த வீடு சாவு வீடு மாதிரி ஆகிவிடும். கட்டுவாள், அறுப்பாள், தோண்டுவாள், பிளப்பாள், ஓரத்தூரைப் புது வீட்டுக்காரர்களிடம் கொடுப்பாள், செத்த நடுக்கட்டையைப் பள்ளத்தில் வீசுவாள். டீயை மதில்மேல் வைத்துவிட்டு, "ஆச்சுங்களா அக்கா?" என்று கேட்பார்கள், அவள் எவ்வளவு சீக்கிரம் போகிறாளோ அவ்வளவு சீக்கிரம் பேச்சு திரும்பும். சுகந்தி போனில் கத்தினாள். "அவங்களுக்கு நீ என்ன வேலக்காரியா? விட்டுட்டு இங்க வந்துரும்மா." நாகரத்தினம் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராமலே இருந்தாள். அறுக்கும்போது ஒரு தடவையாவது வலி தாங்காமல் தன்னைப் பார்த்து ஒரு வசவாவது வந்துவிடாதா என்று அவள் காத்திருந்ததை மகளிடம் எப்படிச் சொல்ல முடியும்?

இப்படி ஓரிரண்டு மாசிகள் போயின. அவள் வாசலில் புதைத்த நடுக்கட்டை சாகவும் இல்லை, பிழைக்கவும் இல்லை. மழைக்காலத்தில் நாலைந்து மெலிந்த இலைகளை நீட்டும், பனிக்காலத்தில் அவையும் கருகும். ஒரு ஆவணி சாயங்காலம், தூறல் விட்டிருந்த நேரத்தில், அரிசி கழுவின தண்ணீரை ஊற்ற அவள் வாசலுக்கு வந்தபோது, "பாத்து வாங்கம்மா, படி வழுக்கும்" என்றது அது.

நாகரத்தினம் பாத்திரத்தோடு அப்படியே நின்றாள்.

"நில்லுங்க நில்லுங்க, அவசரம் இல்ல. வண்டி நிக்குது. எங்க போகணும்மா?"

குரல் நைந்திருந்தது, ஆனால் இனித்தது. சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அதே இனிப்பு, முதல் தடவையாகச் சுவர் இல்லாமல். அவள் ஒரு படி கீழே இறங்கி, "என்னத் தெரியலைங்களா?" என்று கேட்டாள்.

"தெரியலைங்களேம்மா. இந்தப் பக்கத்துக்குப் புதுசா? அதனால என்ன, உள்ள வாங்க. ஜன்னலோரம் எடம் இருக்குது."

வருஷா வருஷம் கோடாலியால் பிளந்து பிளந்து பார்த்தவள் அவள். பட்டுப்போன நடுவில் ஒன்றும் மிஞ்சாது என்று அவளுக்குத் தெரியும். ஆளை மறந்துவிட்டது. மறந்துவிட்டதால்தான் பேசுகிறது. அவள் உள்ளே போய்ப் பாத்திரத்தை வைத்துவிட்டு, அழலாம் என்று உட்கார்ந்தாள், அழுகை வரவில்லை. எழுந்து முகம் கழுவி, பெட்டியிலிருந்து சுகந்தி கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச்சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு, ஒரு முக்காலியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"மேட்டுப்பாளையம் போகணுங்க" என்றாள்.

"ஜம்முனு போயிரலாம்" என்றது கட்டை.

அந்த ஆவணி முழுக்க அவள் சாயங்காலமானால் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். அது ஒவ்வொரு நாளும் அவளைப் புதிதாகப் பார்த்தது, ஒவ்வொரு நாளும் எங்கே போகணும் என்று கேட்டது. அவள் ஒரு நாள் ஊட்டி என்பாள், ஒரு நாள் குன்னூர் என்பாள், வாய்க்கு வந்த பேரைத் தன் பேர் என்று சொல்லுவாள். இலவம்பஞ்சு மூட்டையோடு ஏறினவன் கதையைச் சொன்னது, வளைவில் தாவிக் குதித்த குரங்கு டிரைவர் தொப்பியைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து விசில் ஊதின கதையைச் சொன்னது. நாகரத்தினம் சிரித்தாள். வயிறு வலிக்கச் சிரித்தாள், சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். கீழ்த்தெருவில் போகிறவர்கள் நாகரத்தினத்திடமிருந்து அப்படி ஒரு சிரிப்பு வந்து கேட்டதே இல்லையே என்று நின்று பார்த்தார்கள்.

ஒரு சாயங்காலம் அவள் கேட்டாள். "உங்க வீட்ல யாருங்க இருக்காங்க?"

"சம்சாரம் இருக்குது. நல்ல பொம்பள."

"அவங்ககிட்டயும் இப்படித்தான் பேசுவீங்களா?"

கட்டையின் ஒரு மெலிந்த இலை மட்டும் ஆடியது.

"இல்லீங்கம்மா. அவகிட்ட எனக்கு வாய் வராது."

"ஏனுங்க? ஏதாச்சும் தப்பு பண்ணினாங்களா?"

"சேச்சே. அவ என்ன பண்ணினா?" என்றது அது, எந்த ஒளிவும் இல்லாமல், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற யாரோ ஒருத்தியிடம் சொல்வது போல. "இப்ப உங்ககிட்டப் பேசறேன். நீங்க உங்க ஸ்டாப் வந்தா எறங்கிப் போயிருவீங்க. நான் சொன்னது நல்லா இருந்தாலும் நீங்க கொண்டுபோயிருவீங்க, இல்லாட்டியும் கொண்டுபோயிருவீங்க. அவ எறங்க மாட்டாளே. காலைல ஒரு சொல்லச் சொன்னா சாயங்காலம் அது அங்கயே உக்காந்திருக்கும், அதுக்கு மேல இன்னொண்ணு சொல்லணும், நாளைக்கு அதவிட நல்லாச் சொல்லணும். யாருங்க அந்தப் பாடு படறது? சொல்லாம இருந்தா ஒரு தொல்லையும் இல்ல. அவளும் ஒண்ணும் கேக்கல."

"கேட்டிருப்பாங்க" என்றாள் நாகரத்தினம்.

"கேட்டிருப்பாளா இருக்கும்" என்றது அது லேசாக. "நீங்க எங்கம்மா போகணும்னு சொன்னீங்க?"

அவள் எழுந்தாள். பட்டுச்சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, வேலைக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு, கடப்பாரையோடு வந்தாள். வெளிச்சம் இன்னும் இருந்தது. முதல் குத்துக்கே மண் நெகிழ்ந்தது. அவள் தோண்டத் தோண்ட அது பேசிக்கொண்டேதான் இருந்தது: வழி விடுங்க, அந்தம்மா கைக்குழந்தையோட நிக்குது, பெரியவரே காலைக் கொஞ்சம் உள்ள வாங்கிக்கோங்க, யாரும் படியில நிக்காதீங்க. வேர் அறுந்தபோதும் குரலில் ஒரு சுருக்கம் விழவில்லை. அவள் கட்டையைப் பெயர்த்து வெளியே எடுத்து, கோடாலியால் நாலாகப் பிளந்து, வெந்நீர் அடுப்பில் வைத்தாள். ஈரமாக இருந்ததால் நிறையப் புகைந்தது. அந்த வெந்நீரில் தலைக்குக் குளித்துவிட்டு, இருந்த பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாள். குழி இருந்த இடத்தைக் கொத்தி, எரு போட்டு, கேரட் விதைத்தாள்.

மாசி வந்ததும் ஆள் வந்தது. அவள் அரிவாளையும் கடப்பாரையையும் கொண்டுவந்து வந்தவன் கையில் கொடுத்தாள்.

"நீங்களே வெட்டிக்கோங்க. எனக்குக் கை முடியல."

ஹனீபா பாய் வந்து கேட்டார், கோயில்காரர்கள் வந்து கேட்டார்கள், துரைராஜ் சிலிண்டரை இறக்கி வைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து கெஞ்சினான். "நீங்க வந்து சும்மா நின்னாப் போதுங்க, அது அடங்கிக்கும், நாங்க வெட்டிக்கறோம்." அவள் கேரட்டுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இல்லை என்று தலையை ஆட்டினாள். இவ்வளவு கல்நெஞ்சுக்காரியோடு அந்த மனுஷன் எப்படிக் குடும்பம் நடத்தினாரோ என்று மேல்தெருவில் பேசிக்கொண்டார்கள். அரிவாள் வீடு வீடாகக் கை மாறிக் கடைசியில் கோயில் உண்டியலுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. வெட்டாமல், பிரிக்காமல் விட்ட புல் சித்திரை மழைக்குக் கூரை ஓட்டைத் தொட்டது, ஜன்னல்களை அடைத்தது, சாக்கடைகளைத் தூர்த்தது. ஆடிச் சாரலில் ஒவ்வொரு வாசலிலும் அதன் நடு பட்டுப்போயிற்று.

ஆடி முடிகிற சமயத்தில் ஒரு மத்தியானம், நாகரத்தினம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு, மறுபடி விதைத்த கேரட்டுக்கு நடுவில் குத்துக்காலிட்டுக் களை பறித்துக்கொண்டிருக்கும்போது, ஸ்டெல்லா டீச்சர் குடையில்லாமல் நனைந்துகொண்டு வந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கைகளிலெல்லாம் இலைக் கீறல். கண் வீங்கியிருந்தது.

"அக்கா" என்றாள். "என்னை யாருன்னு கேக்கறாரு."

நாகரத்தினம் நிமிர்ந்து பார்த்தாள்.

"தெனமும் சாயங்காலம் கூட உக்காந்திருந்தவ நான். எங்கம்மா சாவு, என் ஸ்கூலு, என் காலு வலி, ஒண்ணு விடாமச் சொல்லியிருக்கேன். இன்னைக்கு, 'இந்தப் பக்கத்துக்குப் புதுசாம்மா, எங்க போகணும்'னு கேக்கறாரு. பாய் கடையிலயும் அப்படித்தானாம். யாரையுமே தெரியலையாம்." டீச்சருக்குப் பேச்சு உடைந்தது. "நீங்க ஒரு தடவ வந்து பிரிச்சு வச்சா சரியாயிரும்க்கா. நான் உங்கள கீழ்த்தெருவுல போகச் சொன்னது தப்புத்தான். கால்ல வேணாலும் விழறேன்."

நாகரத்தினம் அவளை உள்ளே வரச் சொல்லவில்லை. மழையில் நிற்கிற அந்த முகத்தைப் பார்க்கையில் இரங்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றி அடங்கியது.

"அதுக்கு எதுக்கு டீச்சர் அழுவறீங்க? போய் உக்காருங்க" என்றாள். "தெரியாதவங்ககிட்ட அவரு ரொம்ப நல்லாப் பேசுவாரு."

சொல்லிவிட்டு அடுத்த பாத்திக்கு நகர்ந்து உட்கார்ந்து, கேரட் எது களை எது என்று பார்த்துப் பிடுங்கத் தொடங்கினாள்.